ஆமாவுக்கு அடுத்த சொல்

எங்கள் தெருவில் மைக் செட் வைத்திருப்பவன் நான். ஆனால் தெருவிலேயே பெரிய சத்தம் எதிர்ப்பக்கத்துப் பழைய இரும்புக்கடையிலிருந்துதான் வரும். அந்தக் கடைக்காரியை எல்லாரும் இரும்பக்கா என்றுதான் கூப்பிடுவோம். தகரக் கூரைக்குக் கீழே நின்று அவள் யாரையாவது திட்ட ஆரம்பித்தால், ஸ்பீக்கர் பெட்டி சரியாகப் பாடுகிறதா என்று நான் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டை நிறுத்திவிட்டு அதைக் கேட்பேன். அவளுக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. ஊரில் எல்லாரும் அவளைப் போல இருந்திருந்தால் என் பிழைப்பு என்றைக்கோ நாறிப்போயிருக்கும்.

யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் காந்தத்தை வைத்துப் பார்ப்பாள். ஒட்டினால் இரும்பு, வாசலோரக் குவியலில் போய் விழும். ஒட்டாததைக் கல்லில் உரசி, நிறம் பார்த்து, பித்தளையைத் தனியாக, செம்பைத் தனியாக, அலுமினியத்தைத் தனியாகப் போடுவாள். கொண்டுவந்தவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் உரசாமல் வாங்க மாட்டாள். “நீ சொல்றது இருக்கட்டும்டா, சாமான் என்ன சொல்லுதுன்னு பாப்போம்” என்பாள். அவள் கணவர் பின்பக்கம் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து, பழைய ஒயர்களின் தோலை உரித்துச் செம்பை எடுத்துக்கொண்டிருப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு வாயைத் திறக்கச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை என்று தெருவில் கேலி பேசுவோம். அவரும் அதை மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

போன மழைக்காலத்தில், ஒரு பழைய தண்ணீர் மோட்டாரைத் தராசில் தூக்கி வைக்கப் போனவள் அப்படியே சரிந்துவிட்டாள். நானும் அவள் கணவருமாகத்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினோம். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். உயிர் பிழைத்தது. வலது கை துவண்டுபோனது, வலது காலை இழுத்து நடந்தாள். பேச்சுதான் போய்விட்டது. முழுக்கவும் போகவில்லை. ஒரே ஒரு சொல் மிஞ்சியது.

“ஆமா.”

டீ வேண்டுமா என்றால் ஆமா. வேண்டாமா என்றாலும் ஆமா. படுக்கிறாயா, உட்காருகிறாயா, வலிக்கிறதா, எல்லாவற்றுக்கும் ஆமா. நாம் சொல்வது அவளுக்கு நன்றாகப் புரியும். சொல்ல வேண்டியதும் உள்ளே தயாராக இருக்கும். வாயைத் திறந்தால் மட்டும் இந்த ஒன்றுதான் முந்திக்கொண்டு வந்து விழும். எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசியே வாழ்ந்தவளுக்கு, மூளை விட்டுவைத்த ஒரே சொல் ஆமா. இதைவிட மோசமான கேலியை எந்த எதிரியாலும் செய்திருக்க முடியாது.

நானும் ஒருநாள் சும்மா சீண்டிப் பார்த்தேன். “அக்கா, அந்தப் பழைய ஸ்பீக்கர் காந்தம் எல்லாத்தையும் எனக்குச் சும்மா குடுத்துடறீங்களா?” என்றேன். “ஆமா!” என்றாள். சொன்ன கையோடு, இடது கையால் ஒரு போல்ட்டை எடுத்து என்மேல் வீசினாள். குறி தப்பவில்லை. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஆள் உள்ளே அப்படியேதான் இருக்கிறாள்.

வார்டு அலுவலகத்தின் மாடி அறையில் பேச்சுப் பயிற்சி முகாம் நடக்கும். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் பெரியாஸ்பத்திரியிலிருந்து வேன் வரும். வாய் பேசாத பிள்ளைகள், திக்குகிறவர்கள், இரும்பக்காவைப் போல விழுந்து எழுந்தவர்கள் என்று படிக்கட்டு வரை கூட்டம் நிற்கும். மகள்தான் அம்மாவைக் கூட்டிப்போவாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், பொறுப்பான பெண். கூட்டத்தைக் கூப்பிட ஒரு மைக் வேண்டும் என்று கேட்டார்கள் என்பதால் நானும் போவேன்.

இரும்பக்காவுக்குப் பயிற்சி கொடுக்கக் கிடைத்தவள் கண்ணாடி போட்ட சின்ன வயசுப் பெண். எல்லாரும் பேச்சு டாக்டர் என்று கூப்பிட, “டாக்டர் இல்லைங்க, தெரபிஸ்ட்” என்று திருத்திக்கொண்டே இருப்பாள். யாரும் திருந்தவில்லை. ஓயாத வேலைக்காரி. காலையில் தொடங்கினால் தொண்டை கட்டும் வரை விடமாட்டாள். மேசைமேல் பட அட்டைகளைப் பரப்பி வைத்தாள். பூ, பால், மரம், பந்து.

“இது என்னம்மா?”

“ஆமா.”

“என் வாயைப் பாருங்க. உதட்டை எப்படி வைக்கிறேன் பாருங்க. ப்…”

இரும்பக்கா அந்த உதட்டையே பார்த்தாள். “ப்… பூ.”

அறையில் எல்லாரும் கை தட்டினார்கள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரும்பக்கா மட்டும், தகரத்துக்குச் சாயம் அடித்துப் பித்தளை என்று கொண்டுவந்தவனைப் பார்ப்பதுபோல எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இடது கையை ஜன்னல் பக்கம் நீட்டினாள். அங்கிருந்து பார்த்தால் கடையின் தகரக் கூரை தெரியும்.

“ஆமா! ஆமா!”

“வீட்டுக்குப் போகணுமாம்மா?”

“களைச்சுப் போயிட்டாங்க மேடம். கூட்டிட்டுப் போறேன்” என்றாள் மகள்.

“ஆமா!” என்று இரும்பக்கா கத்தினாள். எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பேச்சுப் பயிற்சிக்காரர்களுக்கு ஒரு தொழில்முறை உண்டு. சொல் வராமல் ஒருவர் தவித்தால், அந்தச் சொல்லின் முதல் சத்தத்துக்கு எப்படி வாயை வைக்க வேண்டுமோ அப்படி வைத்துக் காட்டுவார்கள். அவர் அதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு மேலே வந்துவிடுவார். நான் ஒருமுறை அந்தப் பெண்ணிடம், “கடைன்னு ஒரு வார்த்தை சொல்லிக் குடுங்களேன், காலம் பூரா அங்கதானே கிடந்தாங்க” என்று கேட்டேன்.

“நானும் நினைச்சேன் சார். ஆனா ‘க’ வந்து உள்ள, தொண்டைப் பக்கம் பிறக்குற சத்தம். வெளிய தெரியாது. வாயைப் பாத்துப் பிடிக்க முடியாது. முயற்சி பண்ணித் தோத்துட்டா மனசு விட்டுடுவாங்க. முதல்ல உதட்டுல வர்றதா எடுத்துக்குவோம். சீக்கிரம் முன்னேற்றம் தெரியும்.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. முன்னேற்றமும் தெரிந்தது. பூவும் பாலும் வந்தன. பாப்பா வந்தது. வணக்கம் வந்தது. அக்காவுக்கு வேண்டிய எதுவும் அதில் இல்லை என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

இதற்கிடையில் கடை நாளுக்கு நாள் படுத்துவிட்டது. அவள் பேசாமல் அங்கே வியாபாரமே கிடையாது. வருகிறவனிடம் பேரம் பேசக் கணவருக்கு வாய் வராது. கேட்டதைக் கொடுத்து அனுப்புவார், அல்லது சிரித்து அனுப்புவார். பக்கத்து டயர்க்கடைக்காரர் தன் கடையை நீட்டிக்கொள்ள இடம் கேட்டுக்கொண்டிருந்தார். கெட்ட மனுஷன் இல்லை.

ஒரு சாயங்காலம் மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. மகள் பன்னும் டீயும் வாங்கிவந்து எல்லாருக்கும் கொடுத்தாள். நான் மழைக்கு ஒதுங்கியவன் அங்கேயே நின்றிருந்தேன். இரும்பக்கா ஒரு கவிழ்த்த டிரம்மின் மேல் உட்கார்ந்து, இடது கையால் ஆணிகளையும் திருகுகளையும் பிரித்துக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் கிடந்தது.

“மைக் மாமா, நீங்களே சொல்லுங்க. அம்மா இந்தத் துருவுக்குள்ள இன்னும் எத்தனை நாள் கிடக்கணும்? என் வீட்டுல ஒரு ரூம் சும்மாத்தான் இருக்கு. வந்து நிம்மதியா இருக்கட்டுமே.”

“உங்கம்மாவுக்கும் நிம்மதிக்கும் எப்பவுமே ஒத்துவராதே கண்ணு” என்றேன்.

“விளையாடாதீங்க மாமா. வாய் இருந்தப்ப சரி. இப்ப வர்றவன்லாம் ஏமாத்திட்டுப் போறான். அன்னிக்கு ஒருத்தன் தகரத்தைக் குடுத்துட்டு பித்தளை விலைக்குக் காசு வாங்கிட்டுப் போறான், அப்பா பாத்துக்கிட்டு நிக்கிறாரு. என்னப்பா?”

அவர் ஒயரை உரித்துக்கொண்டே, “ம்” என்றார்.

“நான் ஒண்ணும் கேக்காம செய்யலை மாமா. அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் செய்யறேன். அம்மா, இங்க பாரு. கடையை டயர்க்காரருக்கே குடுத்துடலாமா?”

இரும்பக்காவின் கை ஆணிக்குவியலில் நின்றது. முகம் முழுக்கச் சிவந்தது. தலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது.

“ஆமா” என்றாள்.

“பாத்தீங்களா?”

“ஆமா! ஆமா! ஆமா!” ஆணிகள் இருந்த டப்பாவை ஒரே தள்ளு. தரை முழுக்கச் சிதறின.

“சரி சரி, பதறாத. அதான் முடிவு பண்ணியாச்சே” என்று மகள் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். அவள் குரலில் அவ்வளவு பாசம். எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆனால் பெற்ற அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் நான் யார்? மழை விட்டதும் கிளம்பிவிட்டேன். டயர்க்கடைக்காரர் வெளியூர் போயிருந்தார். திங்கட்கிழமை காலை வந்து சாவியை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு.

அந்த வாரக் கடைசியில்தான் பேச்சுப் பயிற்சிக்காரர்களின் வருடாந்தரக் கூட்டம் வந்தது. சுற்று வட்டாரத்தில் இந்தத் தொழில் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரு மண்டபத்தில் கூடி, யார் என்ன செய்தோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். கண்ணாடிக்காரப் பெண் தன் முகாமைப் பற்றிப் பேச வேண்டும். கூடவே இரும்பக்காவை மேடையில் உட்கார வைத்து நாலு சொல் சொல்ல வைத்தால், முகாமுக்கு இன்னொரு வேன் கேட்க வசதியாக இருக்கும் என்று மகளிடம் கேட்டாள். மகள் உடனே சரி என்றாள். இரும்பக்காவையும் கேட்டார்கள். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்கே தெரியும்.

மைக் செட் என்னுடையது. எத்தனையோ கூட்டம் பார்த்தவன், அப்படியொரு கூட்டம் பார்த்ததில்லை. வந்தவர்கள் எல்லாரும் கழுத்தில் அட்டை தொங்க, கையில் டீயோடு என் பெட்டிகளைச் சுற்றி நின்று, நோயாளியைப் பரிசோதிப்பதுபோலப் பரிசோதித்தார்கள். “சார், உங்க மைக்ல ‘ச’ சீறுது.” “அந்தப் பக்கத்துப் பெட்டிக்கு மூக்கடைப்பு இருக்கு போல.” சங்கத் தலைவியம்மா வரவேற்புரை பேச எழுந்தார். மற்றவர்களுக்குப் பேச்சு வரவழைக்கிறவர்கள் இல்லையா, தங்களுக்கு வந்ததை நிறுத்த வழி தெரியவில்லை. டீ இரண்டாம் முறை வந்துபோன பிறகுதான் கண்ணாடிக்காரப் பெண்ணின் முறை வந்தது.

அவள் நன்றாகத்தான் பேசினாள். படிக்கட்டில் நிற்கும் கூட்டத்தைப் பற்றியும், வேன் வராத வாரங்களைப் பற்றியும் சொன்னாள். பிறகு இரும்பக்காவை அழைத்தாள். கணவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மேடை ஓரத்துக்குப் போனார். மகள் முன்வரிசையில் இருந்தாள். நான் மைக்கை அக்காவின் வாய்க்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டு, பக்கவாட்டில் என் மேசைக்கு வந்தேன்.

“சபைக்கு வணக்கம் சொல்லுங்கம்மா.”

இரும்பக்கா மகளைப் பார்த்தாள். வாயை அகலத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. அவளுக்கு ஏதோ வருகிறது என்று எனக்குத் தெரிந்தது. வணக்கம் சொல்லக் கழுத்து நரம்பு ஏன் புடைக்க வேண்டும்?

அப்போதுதான் சபையைப் பார்த்தேன். மண்டபம் முழுக்க அத்தனை பேரும் முன்னால் சாய்ந்து, மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை வாயும் ‘வ’. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பிள்ளைக்கு ஊட்டுகிறவள் தானும் சேர்ந்து வாயைத் திறப்பாள் அல்லவா, அந்த மாதிரிப் பழக்கம். மேடையில் கண்ணாடிக்காரப் பெண் ‘வ’. முன்வரிசையில் மகளும் ‘வ’.

இரும்பக்கா உள்ளேயிருந்து எதையோ இழுத்துக்கொண்டு நிமிர்வாள். எதிரில் அந்த வாய்கள். இழுத்தது அறுந்துவிடும். “வ…” என்பாள். சபை மகிழ்ந்து தலையாட்டும். மறுபடி குனிந்து பிடிப்பாள். மறுபடி நிமிர்வாள். “வ… வ…” நாற்காலிக் கையில் ஓங்கி அறைந்தாள்.

“ஆமா! ஆமா! ஆமா!”

தலைவியம்மா தன் மைக்கை எடுத்தார். “அருமை, அருமை. கொஞ்சம் பதட்டம், அவ்வளவுதான். நல்லா ஒரு தடவை கை தட்டுவோம்.” கை தட்டினார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தலைவியம்மாவின் மைக்கை அணைத்துவிட்டேன். என் தொழிலில் செய்யவே கூடாத காரியம் அது. செய்தேன்.

கைதட்டல் ஓய்வதற்குள் இரும்பக்கா எழுந்துவிட்டாள். நாற்காலியின் முதுகை இடது கையால் பிடித்து இழுத்தாள். கால் ஒத்துழைக்கவில்லை, ஆனாலும் அவள் விடவில்லை. கிறீச்சென்று இழுத்துத் திருப்பிப் போட்டு, சபைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். சுவரைப் பார்த்தாள்.

கண்ணாடிக்காரப் பெண் அவளைத் திருப்பத்தான் ஓடினாள். தோளில் கை வைத்தவள் நின்று, அக்கா எதைப் பார்க்க மறுக்கிறாள் என்று திரும்பிச் சபையைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“எல்லாரும் வாயை மூடுங்க” என்றாள். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்டது. “தயவுசெஞ்சு மூடுங்க. நாம காட்டுறது அவங்க சொல்ல வந்த வார்த்தை இல்ல. நாம குறுக்க நிக்கிறோம்.”

முன்வரிசையில் ஒருவர், “நேரம் ஆகுது மேடம், அடுத்த உரை இருக்கு” என்றார்.

“ஆகட்டும் சார். அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும்னு வீட்டுக்கு வீடு போய்ச் சொல்றோம்ல? இன்னிக்கு நாம காத்திருப்போம்.”

அவள் மேடையைச் சுற்றி வந்து, இரும்பக்காவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, தன் வாயைத் தன் கையாலேயே மூடிக்கொண்டாள். நான் போய் மைக்கை அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, சத்தத்தை முழுக்க ஏற்றினேன். மண்டபம் முழுக்க அக்காவின் மூச்சுதான் கேட்டது. அத்தனை பேர் கூடிய இடத்தில் அவ்வளவு நேரம் ஒருவரும் பேசாமல் இருந்ததை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

தொண்டையில் ஏதோ இடித்தது. “க்…”

மறுபடி. “க்… க்…”

“கடை.”

பெட்டிகள் அதிர்ந்தன.

“எ… என்… கடை.”

மகள் மேடைக்கு ஓடிவந்தாள். “அம்மா, குடுத்துடலாமான்னு கேட்டப்ப ஆமான்னு சொன்னியேம்மா!”

“ஆமா!” என்று கத்தி, தலையைக் கழுத்து கழன்றுவிடும் போல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டினாள் இரும்பக்கா.

மகள் அப்படியே அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். “ஒவ்வொரு தடவையும் இப்படித்தானே தலையை ஆட்டின. நான் உன் வாயை மட்டும்தாம்மா பாத்தேன்.”

மேடை ஓரத்திலிருந்து கணவர் முதல்முறையாகப் பேசினார். “நான் பாத்தேன்.”

“பாத்துட்டு ஏம்ப்பா சொல்லலை?”

“என்னை யாரு கேட்டீங்க?”

சிரிக்கவா அழவா என்று தெரியாமல் சபை உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக்காரப் பெண் அழுதுகொண்டிருந்தாள். “சுலபமா வர்றதை மட்டுமே குடுத்துட்டேன்மா. வேணுங்கறதைக் குடுக்கலை” என்றாள். இரும்பக்கா அவள் தலையில் இடது கையை வைத்து, லேசாக அல்ல, நன்றாகவே ஒரு குட்டு வைத்தாள்.

அன்றைக்கே டயர்க்கடைக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று மகள் எண்ணை அழுத்தினாளாம். இரும்பக்கா போனைப் பிடுங்கி எடுத்து வைத்துக்கொண்டாளாம். தன் சார்பில் யாரும் எதையும் சொல்லக்கூடாது.

திங்கட்கிழமை நல்ல வெயில். நான் என் கடையைத் திறக்கவே இல்லை. எதிரே போய் நின்றுகொண்டேன். மகள் வேலைக்கு விடுப்பு போட்டிருந்தாள். கண்ணாடிக்காரப் பெண்ணும் பட அட்டைகள் இல்லாமல் வந்து, ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தாள். இரும்பக்கா வாசலில், கையில் சாவியோடு.

டயர்க்கடைக்காரர் சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். வழக்கம்போலக் கணவரைப் பார்த்து, “என்னண்ணே, எல்லாம் பேசினபடிதானே?” என்றார்.

கணவர் ஒயரை உரித்துக்கொண்டே மனைவியைக் காட்டினார்.

“சரி, அக்காகிட்டயே கேக்கறேன். அக்கா, சாவியைக் குடுத்துடறீங்களா?”

இரும்பக்கா வாயைத் திறந்தாள். முந்திக்கொண்டு வந்து விழுந்தது.

“ஆமா.”

அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். இரும்பக்கா சாவியை விரல் வெளுக்க இறுக்கிப் பிடித்தாள். “ஆமா… ஆமா…” கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்ன செய்தும் அதுதான் வந்தது.

மகள் எழுந்து நடுவில் போய் நின்றாள்.

“கையை எடுங்கண்ணே. அம்மா இன்னும் சொல்லி முடிக்கல.”

“அதான் ஆமான்னு…”

“சொல்லி முடிக்கலன்னேன். இருங்க.”

அவர் கையை இறக்கினார். நாங்கள் எல்லாரும் நின்றோம். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பழைய சைக்கிள் சட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவன் என்ன ஏது என்று தெரியாமல் அவனும் நின்றான். யாரும் வாயை அசைக்கவில்லை. இரும்பக்கா கண்ணை மூடிக்கொண்டாள். “ஆ…” என்று ஆரம்பித்து, அதை அப்படியே பல்லைக் கடித்து நிறுத்தினாள். விழுங்கினாள். மூச்சை இழுத்தாள்.

“இ… இல்ல.”

கண்ணைத் திறந்தாள். தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல இருந்தது. டயர்க்கடைக்காரரைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னாள். “இல்ல.” பிறகு கணவரைப் பார்த்துச் சொன்னாள். மகளைப் பார்த்துச் சொன்னாள். என்னைப் பார்த்தும் சொன்னாள், நான் எதுவுமே கேட்கவில்லை. “இல்ல. இல்ல. இல்ல.” தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் ஏறிவிட்டது.

டயர்க்கடைக்காரர், “புரிஞ்சுதுக்கா, புரிஞ்சுது” என்று பின்வாங்கினார். அவள் அவரை விட்டுவிட்டு, சைக்கிள் சட்டத்தோடு நின்றவனைப் பார்த்தாள். தராசைக் காட்டினாள்.

“எல்லாமே நல்ல இரும்புக்கா, துருவே கிடையாது” என்றான் அவன்.

“இல்ல” என்றாள் இரும்பக்கா, காந்தத்தை எடுத்துக்கொண்டே.